ரீனோவுக்கு ஆறு வருசம் முந்தி

எங்களுக்குள் ஒருத்தன் இருக்கிறான்; சோதனை நெருங்க நெருங்கத்தான் அவனுக்குப் பழைய குத்துச்சண்டைப் படங்கள் ஞாபகம் வரும். போன தவணையும் அப்படித்தான். 1910இல் எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் போனில் போட்டுக் காட்டிவிட்டு, "இந்த மனிசன் ஆறு வருசம் சண்டையே பிடிக்காமல் இருந்திட்டு வந்தவர். இது கணக்கில வராது. ரெண்டு பேரும் உச்சத்தில இருக்கேக்க மோதியிருந்தா ஜெப்ரிஸ்தான் வெண்டிருப்பார்" எண்டான். அதோட அந்த இரவு போச்சு. நாங்கள் வரலாறு படிக்கிற ஆக்கள். 'இப்படி நடந்திருந்தால்' என்று எழுதினால் விடைத்தாளில் சிவப்புக் கோடு விழும் என்பது தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியை விடேலாமல் போய்விட்டது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். 1910 யூலை 4, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற சின்ன நகரம். உச்சி வெயில். கிட்டத்தட்ட 20,000 பேர் கூடியிருந்தார்கள். ஒரு பக்கம் அன்றைய உலக ஹெவிவெயிட் சம்பியன் ஜக் ஜோன்சன், வயது 32. அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவர். மற்றப் பக்கம் முன்னாள் சம்பியன் ஜிம் ஜெப்ரிஸ், வயது 35, தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றவர். 45 சுற்றுகளுக்குப் பேசப்பட்ட சண்டை 15ஆம் சுற்றில் முடிந்தது. அதுவரைக்கும் எவராலும் வீழ்த்தப்படாதவர் என்று பேர் எடுத்த ஜெப்ரிஸ் அந்த ஒரு சுற்றுக்குள் திரும்பத் திரும்ப விழுந்தார்.

படம் இப்பவும் யூரியூப்பில் கிடக்கிறது, தேடிப் பாருங்கள். ஜோன்சன் அவசரப்படவே மாட்டார். எதிராளியின் புயத்தைப் பிடித்து அடியை அது புறப்படும் இடத்திலேயே நிறுத்துவார். பிறகு கீழிருந்து மேலாக ஒரு குத்து. இடையிடையே ஜெப்ரிசின் மூலையில் நின்று இனவசை சொல்லிக்கொண்டிருந்த முன்னாள் சம்பியன் ஜேம்ஸ் கோர்பெட்டோடு கதையும் கொடுப்பார், சிரித்துக்கொண்டே.

ஆனால் எங்கட நண்பன் சொன்னதிலும் உண்மை இருக்கு. ரீனோவில் நின்றது பழைய ஜெப்ரிஸ் இல்லை. 1904 ஓகஸ்டுக்குப் பிறகு அவர் சண்டையே பிடிக்கவில்லை. கலிபோர்னியாவில் பண்ணை வைத்து 300 இறாத்தல் வரை பெருத்துப்போய், பிறகு பட்டினி கிடக்காத குறையாக உடம்பைக் குறைத்து 227 இறாத்தலில் வந்து நின்றவர். அப்படியென்றால் 1904இன் ஜெப்ரிஸ் என்ன செய்திருப்பார்? சரி, பாப்பம்.

ஜெப்ரிசைக் குறைத்து மதிப்பிட ஏலாது. கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆறடிக்கு மேல் உயரம், 220 இறாத்தல் அளவு பாரம். அந்தக் காலத்துக்கு அது மலை. இடது கையை முன்னால் நீட்டி, குனிந்தபடி வந்து, விலாவில் குத்துவார். 1899இல் பொப் ஃபிட்ஸ்சிமன்சைப் 11ஆம் சுற்றில் வீழ்த்திப் பட்டம் எடுத்தார். 1902இல் அதே ஃபிட்ஸ்சிமன்ஸ் அவருடைய மூக்கை உடைத்து முகத்தையும் கிழித்துவிட்டார். அந்த முகத்தோடேயே எட்டாம் சுற்றில் ஜெப்ரிஸ் வென்றார்.

எங்கள் வாக்குவாதத்தில் கனக்க அடிபட்டது 1900 மே மாதச் சண்டைதான். எதிராளி அதே கோர்பெட். கால் வேகமும் கண் வேகமும் உள்ளவர், கிட்டத்தட்ட ஜோன்சன் மாதிரி அடி வாங்காமல் ஆடத் தெரிந்தவர். 25 சுற்றுச் சண்டையில் 22 சுற்றுக்கு ஜெப்ரிசை ஒரு பள்ளிக்கூடப் பெடியனைப் போல வைத்து விளையாடினார். 23ஆம் சுற்றில் ஒரே ஒரு குத்து, எல்லாம் முடிஞ்சுது. இன்னும் இரண்டு சுற்று நின்றிருந்தால் பட்டம் கைமாறியிருக்கக்கூடும். ஜெப்ரிஸ் பக்கம் நின்றவர்களுக்கு இது பெரிய ஆதாரம்: ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்தாலும் சண்டையில் வெல்லக்கூடிய ஆள்.

ஜோன்சன் பக்கம் நின்ற எங்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. 1908இன் ஜோன்சனும் 1904இன் ஜோன்சனும் ஒரே ஆள் இல்லை. ரெக்சாஸின் கல்வெஸ்ரன் நகரில், முன்பு அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1901இல் ஜோ சொயின்ஸ்கி என்ற, பாரம் குறைந்த ஆனால் அனுபவம் மிகுந்த வீரர் அவரை மூன்றாம் சுற்றிலேயே விழுத்தினார். அந்த மாநிலத்தில் குத்துச்சண்டை சட்டவிரோதம் என்பதால் பொலிஸ் வென்றவரையும் தோற்றவரையும் ஒன்றாகப் பிடித்து உள்ளே போட்டது. மூன்று கிழமைக்கு மேல் சிறையில் இருவரும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். அடியை எப்படித் தடுப்பது என்பதை ஜோன்சன் தன்னை விழுத்தியவரிடமே படித்தார். (இதை யாராவது படமாக எடுத்தால் நம்பமாட்டம்.) அதே சொயின்ஸ்கி 1897இல் ஜெப்ரிசோடு 20 சுற்று நின்று சமநிலையில் முடித்தவர். இன்னொரு பொது எதிராளி ஹாங் கிரிஃபின். ஜெப்ரிஸ் தொடக்க காலத்திலேயே வீழ்த்திய அவரை, ஜோன்சனால் 1901, 1902இல் மூன்று தடவை மோதியும் வெல்ல முடியவில்லை.

ஆனால் 1903இல் கதை மாறுகிறது. பெப்ரவரியில் டென்வர் எட் மார்ட்டினை 20 சுற்றில் வென்று 'கறுப்பின ஹெவிவெயிட் சம்பியன்' ஆகிறார். அப்படி ஒரு தனிப் பட்டம் இருந்தது. சாம் மக்வே என்ற பலசாலியை அந்த வருசத்தில் இரண்டு தரமும், 1904இல் 20ஆம் சுற்றில் நொக் அவுட்டாகவும் தோற்கடிக்கிறார்.

அப்போ 1904இல் மோதியிருந்தால்? எங்கள் கணிப்பு, ஒருமனதாக வந்தது இல்லை, நாலுக்கு மூன்று: 20 சுற்றுச் சண்டையென்றால், நேர்மையான நடுவர் இருந்தால், ஜோன்சன் புள்ளியில் வென்றிருப்பார். நேர்மையான நடுவர் என்பது சின்ன விசயம் இல்லை. அன்று தீர்ப்பு ஒற்றை ஆளின் கையில். 1905 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் மாவின் ஹார்ட்டோடு 20 சுற்று ஆடி, முன்னுக்கு முன்னுக்கு வந்தவர் ஹார்ட்தான் என்பதால் நடுவர் ஜோன்சனைத் தோற்றவராக்கினார். அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். ஜெப்ரிசோ முன்னுக்கு வருவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர். 45 சுற்று என்றால் இன்னும் சிக்கல். முப்பது இறாத்தல் கூடின உடம்பு மணிக்கணக்காக மேலே சாய்ந்தால் யாருக்கும் கை தளரும். ஜெப்ரிஸ் வென்றிருக்கவும்கூடும். இதை நாங்கள் மறுக்கவில்லை.

மறுக்காததுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் இது வேறு வேறு காலத்து ஆக்களைக் கற்பனையில் மோதவிடுகிற விளையாட்டு இல்லை. 1903, 1904இல் இருவரும் உயிரோடு, நல்ல தேகத்தோடு, ஒரே நாட்டில், கனகாலம் ஒரே கலிபோர்னியாவில் இருந்தார்கள். ஜெப்ரிசின் சொந்தத் தம்பி ஜக் ஜெப்ரிசை 1902இல் ஜோன்சன் ஐந்தாம் சுற்றில் விழுத்தியும் இருந்தார். சவால் பகிரங்கமாகவே விடப்பட்டது. ஜெப்ரிஸ் சொன்ன பதில், கறுப்பினத்தவரோடு பட்டத்துக்கு மோதமாட்டேன் என்பதுதான். அன்று இதற்கு ஒரு பெயர் இருந்தது: 'நிறக்கோடு'. மோத வெள்ளையர் ஒருவரும் மிஞ்சவில்லையென்றால் விலகிவிடுவேன் என்றார், 1905இல் விலகியும் விட்டார்.

இதிலே ஒன்றைக் கவனியுங்கோ. கறுப்பினத்தவரோடு அவர் ஒருநாளும் மோதாதவர் இல்லை. கிரிஃபின் கறுப்பினத்தவர். 1898இல் பீற்றர் ஜக்சனை மூன்றாம் சுற்றில் நிறுத்தினார், அவரும் கறுப்பினத்தவர். சம்பியனாக முந்தி மோதினார், சம்பியனான பிறகு மாட்டேன் என்றார். அப்போ கோடு மேடையைச் சுற்றி இல்லை, பட்டத்தைச் சுற்றித்தான் போடப்பட்டிருந்தது. தோற்றுவிடுவோம் என்ற பயமா? எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. பயந்த ஆள் உடைந்த மூக்கோடு ஃபிட்ஸ்சிமன்சை வென்றிருக்கமாட்டார். தோற்கிற வாய்ப்பு இருக்கிற இடத்தில் கறுப்பினத்தவரை நிற்கவிடுவதே சரியில்லை என்று ஒரு முழுச் சமூகமும் நம்பியது, அவரும் அதில் ஒருவர். சலிவன் 1892இல் விட்ட பகிரங்கச் சவாலிலேயே கறுப்பினத்தவர் வேண்டாம் என்று எழுதிவைத்தார். அவுஸ்திரேலிய ஹெவிவெயிட் சம்பியனாக இருந்த பீற்றர் ஜக்சன் 1891இல் கோர்பெட்டோடு 61 சுற்று ஆடி முடிவில்லாமல் நிறுத்தப்பட்டவர். அடுத்த வருசம் சலிவனோடு பட்டத்துக்கு மோதுகிற வாய்ப்பு கோர்பெட்டுக்குக் கிடைத்தது, ஜக்சனுக்கு இல்லை. ஜெப்ரிஸ் வென்றது நோய்பட்டுத் தளர்ந்துபோன ஜக்சனைத்தான். மூன்று வருசத்தில் அவர் காசநோயில் இறந்துபோனார்.

ஜெப்ரிஸ் விட்ட பட்டம் மாவின் ஹார்ட்டுக்குப் போய், அவரிடமிருந்து ரொமி பேர்ன்சுக்குப் போனது. பேர்ன்ஸ் 30,000 டொலர் வாங்கிக்கொண்டு 1908 டிசம்பர் 26இல் சிட்னியில் ஜோன்சனோடு மோதினார். ஜோன்சனுக்குக் கிடைத்தது 5,000. பதினான்காம் சுற்றில் பொலிஸ் புகுந்து நிறுத்தியது. அங்கிருந்து செய்தி எழுதிய நாவலாசிரியர் ஜக் லண்டன், ஜெப்ரிஸ் பண்ணையை விட்டு வந்து ஜோன்சனின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பை எடுக்கவேண்டும் என்று கேட்டார். 1904இல் மோதமாட்டேன் என்றவர், வெள்ளையனே உயர்ந்தவன் என்று காட்டத்தான் திரும்பி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு 1910இல் வந்தார்.

ரீனோ முடிந்த அன்று இரவே பல நகரங்களில் கறுப்பினத்தவர் மீது தாக்குதல் நடந்தது. பலர் கொல்லப்பட்டார்கள். படத்தைப் பல இடங்களில் தடை செய்தார்கள். 1912இல் அமெரிக்க நாடாளுமன்றம் சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமே போட்டது. படம் காட்ட ஏலாத இடத்தில் கதை மட்டும் சுற்றியது: ஜெப்ரிஸ் கிழவர், ஜெப்ரிசுக்கு மருந்து கொடுத்துவிட்டார்கள், பழைய ஜெப்ரிசாக இருந்தால்... எங்கட நண்பன் போனில் இருந்து எடுத்துக்கொண்டு வந்த வசனத்துக்கு அவ்வளவு வயது. அவனுக்கு இது தெரியாது, அவனைக் குறை சொல்லவில்லை. ஜெப்ரிஸ் தானே சண்டைக்குப் பிறகு, என் நல்ல காலத்திலும் அவரை எட்டியிருக்கமாட்டேன் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அந்த வார்த்தையைக்கூட நாங்கள் முழுசாக எடுக்கவில்லை. அடி வாங்கின அன்று யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் 'உச்சத்தில் இருந்திருந்தால்' என்ற சலுகையைக் கேட்கிற உரிமை, உச்சத்தில் இருந்தபோது மறுத்தவருக்கு இல்லை என்பதில் நாங்கள் மூன்று பேரும் உறுதி.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் ஒரு கேள்வி கேட்டான். "அப்ப லாங்ஃபர்ட்?"

எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை. சாம் லாங்ஃபர்ட், கனடாவில் பிறந்த கறுப்பினத்தவர், ஜோன்சனை விட அரையடி குள்ளம். 1906இல் ஜோன்சன் அவரை 15 சுற்றில் புள்ளியில் வென்றார். லாங்ஃபர்ட் அப்போது மிடில்வெயிட் பாரத்தில் இருந்த இளம்பெடியன். பிறகு அவர் வளர்ந்து, கனபேர் பயப்படுகிற ஆளானார். சம்பியனான ஜோன்சன் அவருக்கு ஒருநாளும் பட்டச் சண்டை கொடுக்கவில்லை. இரண்டு கறுப்பினத்தவர் மோதினால் காசு வராது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அதில் கணக்குப் பிழை இல்லை, அந்தக் கணக்கை எழுதினதும் அவர் இல்லை. ஆனாலும் பட்டம் கையில் இருந்த காலத்தில் அவர் ஒரே ஒரு கறுப்பினத்தவரோடுதான் பட்டத்துக்கு மோதினார், 1913 பரிசில், பற்றிலிங் ஜிம் ஜோன்சன் என்பவரோடு. 1910க்கும் 1912க்கும் இடையில் ஜோன்சனும் லாங்ஃபர்ட்டும் மோதியிருந்தால் யார்? எங்களில் ஒருவராலும் துணிந்து சொல்ல முடியவில்லை.

லாங்ஃபர்ட் கண் பார்வை மங்கின பிறகும் சண்டை பிடித்தார். 1944இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது நியூயோர்க் ஹார்லெமில் ஓர் அறையில், பார்வை முற்றாகப் போய், கையில் காசில்லாமல் இருந்தார். அவர் எழுதின கட்டுரைக்குப் பிறகு வாசகர்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். ரீனோப் படத்தை 2005இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். இந்தச் சண்டைக்குப் படம் கிடையாது, நண்பன் இப்பவும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.