கிட்னி கேன்சருக்கு ஜாதகம் எழுதின கதை

"டாக்டர், இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

புற்றுநோய்னு காதுல விழுந்ததும் சாத்தூரா இருந்தாலும் சரி, நியூயார்க்கா இருந்தாலும் சரி, வீட்டு ஆளுங்க கேட்குற கேள்வி இதுதான். சிறுநீரகப் புற்றுல இதுக்கு எப்படிப் பதில் தேடினாங்க என்பதுதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை மக்களே. படிச்சதைச் சொல்றேன், அம்புட்டுத்தான்.

1847-ல லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஒரு நோயாளியோட சிறுநீர்ல விநோதமான புரதம் ஒண்ணைப் பார்த்தார். எலும்பு மஜ்ஜையில வர்ற புற்றுக்கு அது அடையாளம். கட்டியைத் தொடாமலே கட்டியைப் பத்திச் சொல்ற முதல் தடயம் அதுதான். அப்புறம் 1963-ல கல்லீரல் புற்றுக்கு ஒண்ணு, 1965-ல குடல் புற்றுக்கு ஒண்ணு, பின்னாடி ப்ராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. என்று வரிசையா வந்துச்சு.

சிறுநீரகம் மட்டும் பிடி கொடுக்கவே இல்லை. 1883-ல ஜெர்மானியர் பால் கிராவிட்ஸ், இந்தக் கட்டி சிறுநீரகத்துலயே பிறக்கலை, மேல உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பியோட மிச்சத்துல இருந்து வருதுன்னு சொன்னார். அது தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அந்தப் பேரு ரொம்ப காலம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. 1982-ல சூசன் ஃபுர்மன் செல்லோட உட்கரு எவ்வளவு பெருசா, கோணல்மாணலா இருக்குன்னு பார்த்து நாலு படியாப் பிரிச்சாங்க. படி ஏற ஏற ஆபத்து.

பெரிய திருப்பம் 1999. நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில ராபர்ட் மோட்சரும் கூட்டாளிகளும் 1975-ல இருந்து 1996 வரைக்கும் வந்த, நோய் முற்றிப்போன 670 பேரோட பழைய கேஸ் கட்டுகளைப் பிரிச்சு உட்கார்ந்தாங்க. கிடைச்சது அஞ்சே அஞ்சு விஷயம்: ஆள் எவ்வளவு நடமாட்டமா இருக்கார், ஹீமோகுளோபின் குறைவா, கால்சியம் கூடுதலா, எல்.டி.ஹெச். கூடுதலா, சிறுநீரகத்தை ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சா. அஞ்சும் சாதகமா இருந்தவங்க சராசரியா 20 மாசம் இருந்தாங்க. ஒண்ணு ரெண்டு பாதகமா இருந்தா 10 மாசம். மூணோ அதுக்கு மேலயோ போனா 4 மாசம்.

கவனிச்சீங்களா? இதுல ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. நம்ம ஊர் லேபுலயே எடுக்கக்கூடிய டெஸ்ட்டுதான். பேனா நிப்பு செஞ்ச ஊர்க்காரனுக்கு இதுல ஒரு தனி சந்தோஷம். 21 வருஷம் எவனோ பொறுமையா எழுதி வச்சதாலதான் இந்தக் கணக்கே வந்துச்சு!

2009-ல கனடாவின் டேனியல் ஹெங் குழு 645 பேரை வச்சு இதைப் புதுப்பிச்சது. எல்.டி.ஹெச்.சும் ஆபரேஷனும் போச்சு. வெள்ளையணுவில் ஒரு வகையான நியூட்ரோஃபில், பிளேட்லெட், நோய் தெரிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள மருந்து தேவைப்பட்டுச்சா என்கிற மூணும் உள்ள வந்துச்சு. இன்னைக்கும் டாக்டர்கள் பார்க்கிறது இதைத்தான்.

அப்போ ஜீன் என்னாச்சுன்னு கேட்பீங்க. 1993-ல வி.ஹெச்.எல். ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. அது கெட்டுப்போனா, செல்லுக்கு ஆக்சிஜன் இருந்தும் 'மூச்சு முட்டுது'ன்னு கூப்பாடு போட்டு புது ரத்தக்குழாயை இழுத்துக்கும். இந்த ஆக்சிஜன் சங்கதிக்குத்தான் 2019-ல மூணு பேருக்கு நோபல். ஆனா சிறுநீரகப் புற்றுல அதிகம் வர்ற வகையில பெரும்பாலான கட்டியில இந்த ஜீன் கெட்டுத்தான் இருக்கு. எல்லார் ஜாதகத்துலயும் ஒரே தோஷம்னா அதை வச்சு யாருக்கு என்ன பலன் சொல்றது? சி.ஏ.-9 என்கிற புரதம் 2003-ல நல்ல நம்பிக்கை கொடுத்துச்சு. 2007-ல மேயோ கிளினிக் பார்த்தப்போ தனிச்சு நிக்கலை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 4 மாசம்னு சொன்ன அந்த 1999 கணக்கு, நல்ல மருந்து இல்லாத காலத்துக் கணக்கு. 2006-ல சுனிடினிப் மாத்திரை வந்துச்சு. 2018-ல வெளியான ஆய்வுல நிவோலுமாப், இபிலிமுமாப்னு ரெண்டு இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்துக் கொடுத்தாங்க. நடுத்தர, மோசமான ரகத்துல இருந்தவங்களே சராசரியா ஏறக்குறைய 4 வருஷம் இருந்தாங்க. சுனிடினிப் எடுத்தவங்க 2 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. அதாவது கெட்ட மார்க் வாங்குறது 'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு அர்த்தம் இல்லை. எந்த மருந்துன்னு தேர்ந்தெடுக்கிற வழி. அந்த மருந்து விலை நம்ம பட்டாசு, தீப்பெட்டி ஆபீஸ் கூலிக்கு எட்டாத உயரம் என்பது வேற துக்கம்.

சராசரின்னா பாதிப்பேர் அதைத் தாண்டி இருந்தாங்கன்னு அர்த்தம். அது ஊருக்கான கணக்கு, உங்க வீட்டு ஆளுக்கான தேதி இல்லை. பழைய கணக்கை இணையத்துல பார்த்துட்டு மனசு விட்டு வைத்தியத்தையே நிறுத்துறவங்களுக்காகத்தான் இம்புட்டும் எழுதினேன்.

1954-ல முத்துலட்சுமி ரெட்டி தொடங்கின அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1980களின் தொடக்கத்துல இருந்து சென்னையில புற்றுநோயாளிகளைப் பதிவு பண்ணி வச்சுக்கிட்டு வருது. நியூயார்க் மாதிரியே இங்கயும் எழுதி வைக்கிறவங்க இருக்காங்க. நாமும் ரிப்போர்ட்டுகளை பத்திரமா ஒரே ஃபைலா வச்சுக்குவோம். யாராவது மாசக்கணக்கு சொன்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க:

"டாக்டர், இது எந்த வருஷத்துக் கணக்கு?"