நெல்வயலில் கிடைத்த பாக்டீரியா

திருவிடந்தைப் பக்கம் மருந்தடித்த வயலைத் தாண்டினால் வாடை மூக்கைத் துளைக்கும். கிணற்றில் எவ்வளவு கலந்திருக்கு? அதை மூக்கு சொல்லாது; பாக்டீரியா சொல்லும்.

பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய ஆய்வாளர் சேதுநாதனும் யோஷிடாவும், டயசினான் போட்ட நெல்வயல் தண்ணீரில் ஒரு ஃபிளேவோபாக்டீரியத்தைக் கண்டுபிடித்து 1973-ல் வெளியிட்டார்கள். பாரத்தியானையும் அது உடைக்கும். அந்த வேலையைச் செய்யும் நொதியை 1997-ல் கலிஃபோர்னியாவில் முல்சந்தானி, சென் குழுவினர் ஈ.கோலையின் மேற்பரப்பில் வரவழைத்தார்கள். மருந்து உடையும்போது அமிலம் உண்டாகும். மின்முனை அதை அளக்கும்.

சூடா வெச்சு வேகமா வளர்த்தா போதும்னு நினைச்சேன். தப்பு. அவசரத்தில் உருவாகும் புரதம் சரியாக மடியாமல் கட்டிவிடும். சூட்டைக் குறைத்து, துளி கோபால்ட் சேர்த்தால்தான் நொதி ஒழுங்காக வேலை செய்யும். வளர்ப்பில் தப்பினால் கருவி ‘மருந்து இல்லை’ என்று பொய் சொல்லும். அந்தத் தண்ணீரைக் குடிப்பது நாமதானே?