தொண்டைப் பையும் இடைச்சுவரும்

விழுங்குதல் என்பது மனிதர் எண்ணிப் பாராது செய்யும் தொழில்களுள் ஒன்று. கவளம் நாவின் அடியைக் கடந்ததும் மூச்சுக்குழாயின் வாயில் மூடிக்கொள்கிறது. உணவுக்குழாயின் தலைவாயிலில் வளையம்போல் இறுகி நிற்கும் தசை ஒரு கணம் தளர்ந்து வழிவிடுகிறது. கவளம் உட்சென்றதும் மீண்டும் இறுகிக்கொள்கிறது. நாள்தோறும் பன்னூறு முறை நிகழும் இச்செயலின் அருமை, அது தடைப்படும்போதுதான் விளங்கும்.

அந்த வளையத் தசை போதிய அளவு விரியாதொழியின், மேலிருந்து வரும் உணவு அங்கே முட்டி நிற்கும். தொண்டையின் அழுத்தம் மிகும். தொண்டையின் பின்புறத்தில், அத்தசைக்குச் சற்று மேலே, இயல்பாகவே நலிந்த ஓரிடம் உண்டு. ஆண்டுக்கணக்கான அழுத்தத்தால் தொண்டையின் உட்தோல் அவ்விடத்திற் பிதுங்கி, நாளடைவில் ஒரு பையாகத் தொங்குகிறது. பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தோரையே இந்நோய் பற்றும். உண்ட சோறு வயிற்றைச் சேராது பையினுட் புகுந்து தங்கும்; சில மணி நேரத்தின் பின் செரியாத நிலையிலேயே வாய்க்குத் திரும்பும். கழுத்திலே களகளவென்ற ஒலி எழும். இரவில் படுத்திருக்கையிற் பையிலுள்ளது மூச்சுக்குழாயுட் சிந்திச் சுவாசப்பையிற் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். இவற்றை முதுமையின் இயல்பென்று எண்ணி, உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே மெலிந்தவர் பலர்.

இந்நோயை முதன்முதல் தெளிவாக விவரித்தவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துச் சத்திரவைத்தியரான ஆபிரகாம் லட்லோ. விழுங்க இயலாது வாடி இறந்த ஒருவரின் தொண்டையைச் சோதித்தபோது, உணவுக்குழாயின் பின்னால் ஒரு பை தொங்குவதை அவர் கண்டார். 1764 ஆம் ஆண்டில் அச்செய்தியை இலண்டனிலிருந்த புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர் வில்லியம் ஹண்டருக்கு அறிவித்தார். காரணத்தைக் காண முடிந்ததேயன்றி, நோயாளியைக் காக்க அவராற் கூடவில்லை.

நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தபின், 1877 இல், ஜேர்மனியின் எர்லாங்கன் நகரத்து நோயியற் பேராசிரியர் சென்கர், சீம்சன் என்னும் வைத்தியருடன் சேர்ந்து, அதுவரை பதிவாகியிருந்த நோயாளரின் வரலாறுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தாலேயே பை உண்டாகின்றது என்று அவர் நிறுவியமையால், அது இன்றும் சென்கர் பை என்றே வழங்கப்படுகிறது. நலிந்த இடம் எதுவென்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சுட்டிக்காட்டியவர், மூச்சுக்குழாயை உள்நோக்கும் கலையின் தந்தையெனப் போற்றப்படும் கில்லியன்.

காரணம் தெளிந்தும் மருத்துவம் எளிதாகவில்லை. பைதான் நோய் என்று கருதிய சத்திரவைத்தியர்கள், கழுத்தை வெட்டித் திறந்து பையை அறுத்தெடுக்க முயன்றனர். 1886 இல் டப்ளின் நகரத்து வீலர் இதிலே வெற்றி கண்டார். ஆயினும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில், தைத்த இடம் கசிந்து, எச்சிலும் உணவும் மார்புக்கூட்டினுள் இறங்கிச் சீழ்கொண்டால், நோயாளி பிழைப்பது அரிதாயிருந்தது.

இந்நிலையில், 1917 இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து மோஷர் என்பவர் புதிய வழியொன்றை முயன்றார். பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓர் இடைச்சுவர் உண்டு. அச்சுவரை மேலிருந்து கீழாகப் பிளந்துவிட்டால், பையும் குழாயும் ஒரே அறையாகிவிடும். உணவு தங்க இடமின்றிக் கீழிறங்கும். பையை அகற்ற வேண்டியதில்லை. கழுத்தை வெட்ட வேண்டியதுமில்லை. வாய்வழியே குழாய்க்கருவியைச் செலுத்தி அவர் இதனைச் செய்தார். ஆயினும் நோயாளர் ஒருவர் மார்புக்கூட்டில் சீழ்கொண்டு இறக்கவே, மோஷர் அம்முறையைக் கைவிட்டார். நல்ல எண்ணம் அதற்கேற்ற கருவிக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

அவ்வெண்ணத்துக்கு உயிரூட்டியவர் சுவீடன் நாட்டு டோல்மன். அவருடைய உள்நோக்கிக் குழாய் இரண்டு உதடுகள் உடையது. ஓர் உதடு உணவுக்குழாயினுள்ளும் மற்றையது பையினுள்ளும் செல்ல, இடைச்சுவர் இரண்டுக்கும் நடுவே தெளிவாக நிமிர்ந்து நின்றது. மின்சூட்டினால் அதனை அவர் வெட்டினார். வெட்டும்போதே குருதி உறைந்தது. 1960 இல், மாட்சனுடன் சேர்ந்து, நூறு நோயாளரின் அனுபவத்தை வெளியிட்டார். அதன்பின் இம்முறையை மருத்துவ உலகம் புறக்கணிக்க முடியவில்லை.

பையை விட்டுவைத்தும் நோய் தீர்ந்தது எங்ஙனம்? வளையத் தசையே அந்த இடைச்சுவரினுள் அமைந்திருக்கிறது என்பதே விடை. சுவரைப் பிளந்தபோது, அறியாமலே நோயின் மூலத்தையும் பிளந்தனர். அத்தசை தளர்ந்தாலும் போதிய அளவு விரிவதில்லை என்பதை 1992 இல் அவுஸ்திரேலியாவின் குக்கும் அவர் குழுவினரும் அளந்து காட்டினர். பை விளைவு; தசையே வினை.

இதன்பின் எழுந்த வினா, சுவரை எதனாற் பிளப்பது என்பதே. ஒல்லாந்தின் வான் ஓவர்பேக், நுண்பெருக்கியின் துணையுடன் இலேசர்க் கதிரைக் கையாண்டார். 1994 இல் 545 நோயாளரின் உள்நோக்கிச் சிகிச்சைகளைப் பற்றி எழுதினார். 1993 இல் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும், தைத்துக்கொண்டே வெட்டும் கவ்விக் கருவி பயன்பட்டது. 1995 இல் ஒல்லாந்திலும் பிரேசிலிலும், வளையும் உள்நோக்கியின் வழியே சுவரை வெட்டும் முறை பிறந்தது.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறையும் ஒரு குறையும் உண்டு. கவ்விக் கருவி வெட்டிய விளிம்புகளை அப்போதே தைத்து மூடுவதால், கசிவு குறைவு. நோயாளி விரைவில் உணவு கொள்ளலாம். ஆனால் கருவியின் நுனி வெட்டுவதில்லை. எனவே சுவரின் அடியிலே சிறு துண்டு எஞ்சும். ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றருக்குக் குறைந்த பைகளில் இக்குறை பெரிதாகும். இலேசர் சுவரின் அடிவரை செல்லும். சிறு பைகளுக்கும் ஏற்றது. ஆயின் விளிம்புகளைத் தைத்து மூடாமையால் காற்றுக் கசிவும் காய்ச்சலும் நேரக்கூடும். இரண்டுக்கும் முழு மயக்கம் வேண்டும். விறைத்த குழாய் செல்லக் கழுத்து நன்கு பின்சாய வேண்டும், வாய் அகலத் திறக்க வேண்டும். முதுமையினாற் கழுத்தெலும்பு இறுகியவர்க்கு இவை இயலாமற் போவதுண்டு.

வளையும் உள்நோக்கிக்கு இத்தடைகள் இல்லை. இலேசான மயக்கத்திலேயே பலருக்குச் செய்துவிடலாம். ஆயினும் துளை விழுமென்று அஞ்சிச் சுவரின் ஒரு பகுதியை விட்டுவைக்க நேர்வதால், ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. இக்குறையை நீக்க, 2016 இல் சீன வைத்தியர்கள் மற்றொரு வழியை வெளியிட்டனர். உட்தோலின் கீழே சுரங்கம்போல் வழிசெய்து, தசை முழுவதையும் கண்ணாற் கண்டு அடிவரை வெட்டி, பின்னர் தோலை மூடிவிடுதலே அது.

கழுத்தைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையும் மறைந்துவிடவில்லை. அதன்பின் நோய் திரும்புதல் குறைவு. ஆனால் நரம்புச் சேதம் முதலிய இடர்கள் மிகுதி, வைத்தியசாலையில் தங்கும் நாளும் அதிகம். ஆகவே எம்முறை சிறந்தது என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. பையின் நீளம், கழுத்தின் வளைவு, பற்களின் நிலை, இருதயத்தின் வலிமை, செய்பவரின் பழக்கம் ஆகியவை சேர்ந்தே விடையளிக்கின்றன. எண்பது வயது மூதாட்டிக்கு, நோய் மீண்டும் வரக்கூடினும் இலகுவான முறையே தகும். வேண்டின் அதனைத் திரும்பவும் செய்யலாம். உடல்வலியுள்ள அறுபது வயதினர்க்கு நீடித்த பயன் தரும் முறையே பொருத்தமாகலாம்.

எம்முறைக்கும் முன்னே வேண்டுவது நோயை அறிதல். பேரியம் கலந்த பானத்தை விழுங்கச் செய்து எடுக்கும் கதிர்ப்படத்திற் பை தெளிவாகத் தோன்றும். அதனை அறியாது குழாயொன்றைத் தொண்டையிற் செலுத்தினால், அது பையினுட் புகுந்து துளைத்துவிடவும் கூடும். ஆதலால், முதியவர் ஒருவர் உண்ட சோறு திரும்புகிறதென்று கூறினால், வயதின் குறையென்று அதனைத் தள்ளிவிடலாகாது. லட்லோ கண்ட நோயாளிக்கு வழியொன்றும் இருக்கவில்லை. இன்று வழிகள் பல உள்ளன; அவரது சொல்லைக் கேட்டு, உரிய வைத்தியரிடம் அழைத்துச் செல்வோரே வேண்டும்.