மண்சட்டியும் கந்தூரிச் சோறும்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றம் பற்றி எழுதுவோர் கொடியையும் சனத்திரளையும் கடைத்தெருவையும் வர்ணித்துவிட்டு நின்றுவிடுகின்றனர். இறுதி நாட் கந்தூரிச் சோறு எந்த வயலிலிருந்து வந்தது, அக்காலத்தில் எதில் ஆக்கப்பட்டது என்று கேட்பாரில்லை. எமது பிரதேச வரலாற்றில் ஒரு பாதி அந்தச் சோற்றுக்குள்தான் கிடக்கிறது.

நாகூரில் அடங்கியிருக்கும் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்தது இப்பள்ளி. இங்கே அவர்களது கப்ர் இல்லை. ஜமாதுல் ஆகிர் தலைப்பிறையில் கொடி ஏறும். 12 நாட்கள் மௌலிது ஓதி, கந்தூரியோடு கொடி இறங்கும். கந்தூரி கூடுமா கூடாதா என்ற விவாதம் உலமாக்களுக்குரியது. நான் அதற்குள் போகவில்லை.

இதனை அறுவடை விழாவாகக் கொள்வது பிழை. பிறைக் கணக்கு வருடந்தோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முந்துவதால் கந்தூரி எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2008இல் அது கச்சான் காற்று வீசும் ஜூனில் வந்தது. 2017இல் பெரும்போக வெட்டுக் காலத்தில். 2024இல் வாடை மழை கொட்டும் டிசம்பரில். வெட்டுக் காலத்தில் வந்தால் புத்தரிசிச் சோறு. மாரியில் வந்தால் பட்டறை நெல்லைத்தான் குற்ற வேண்டும். கரைவலை இழுக்க முடியாத கடல், ஆகவே களப்பு மீனும் இறாலும். எங்கள் முதியோர் ஒரு கந்தூரியை ஆண்டால் அல்ல, ஆணத்தால்தான் நினைவுகூர்வார்கள்.

சோற்றுக்குப் பின்னால் வயல் இருக்கிறது. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களை 1626இல் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். 4000 பேர் என்பது குவேறோஸ் பாதிரியார் தரும் தொகை. ஏற்கெனவே இங்கிருந்தோருடன் அவர்கள் கலந்தனர். தாய்வழிக் குடிமுறை நிலைத்தது. பள்ளிக் காரியங்களுக்குக் குடிக்கொரு மரைக்காயர் என்ற ஒழுங்கும் அதைச் சார்ந்ததே. எந்தக் குடி எத்தனை மரைக்கால் அரிசி, எந்தப் போடியார் வீட்டு மாடு என்பதெல்லாம் மரியாதைக்குரிய கணக்குகள். சோற்றில் ஒரு கைப்பிடியாவது நார்ஸாவாக வீட்டுக்கு வராவிட்டால் அந்தக் குடிக்கே குறை.

இனிச் சட்டிக்கு வருவோம். எமது ஊர்களில் சட்டி வனைந்தோர் முஸ்லிம்கள் அல்லர், தமிழ்க் குயவர்கள். சூடு மிதிக்கும் காலத்தில் வண்டியில் சட்டி, முட்டி, பானை அடுக்கி, வைக்கோல் திணித்துக் களவெட்டிக்கே கொண்டுவருவார்களாம். காசு இல்லை, நெல்தான் விலை. கிடாரங்கள் பெருகுமுன் கந்தூரி ஆணமும் மண்ணில்தான் கொதித்தது. புளி சேர்ந்த மீனாணத்துக்கு மண்சட்டியை விஞ்சிய பாத்திரம் இல்லை என்பதை என் நாவே சாட்சி சொல்லும். ஆக, முஸ்லிம் பள்ளியின் விருந்தில் தமிழ்க் குயவரின் கையும் இருந்தது. இதனை எந்த மேடையிலும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

அந்த வண்டி ஏன் நின்றது? அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தன என்று சொல்லிவிடுவது இலகு. அது பாதி உண்மை. 1985இன் கலவரமும் 1990இன் கொலைகளும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் பாதையையே அச்சமாக்கின. சட்டியை ஏற்றியவரும் வரவில்லை. நெல்லை அளந்தவரும் போகவில்லை. நெல்லுக்குச் சட்டி என்ற கணக்கு ஒரு தலைமுறைக்குள் மறந்தே போனது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடற்கரைப் பள்ளியும் சிதைந்தது. பின்னர் கொடி மீண்டும் ஏறியது, கிடாரங்களும் அடுப்பில் ஏறின. சட்டிகள் ஏறவில்லை.

தயிர் மட்டும் விதிவிலக்கு. எருமைத் தயிருக்கு மண்சட்டியே வேண்டும். சட்டி நீரை உறிஞ்சினால்தான் தயிர் வெட்டி எடுக்கும் பதத்துக்கு இறுகும், சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால் குளிர்ச்சியும் நிற்கும். கல்முனைக் கடைகளில் அவை இன்றும் வாசலில் அடுக்கியிருக்கின்றன. தயிர் முடிந்ததும் அதே சட்டியைக் கழுவி, முருங்கையடியில் கோழிக்குத் தண்ணீர் வைக்கிறோம்.