காமன் பொட்டலும் களரியும்
கண்டி மலைச்சாரலின் இரு கூத்துப் பருவங்கள்

கண்டியிலிருந்து கிழக்கே மகியங்கனைக்குச் செல்லும் நெடுவீதி, தெல்தெனியவைக் கடந்து நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் ஏறிச் செல்லும் இடத்தில் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதனை அடுத்துள்ள மெதமகாநுவரப் பகுதியிலேயே கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18இல் ஆங்கிலேயரின் கையில் அகப்பட்டான். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினரின் ஆட்சி அத்துடன் முடிவுற்றது. அதன்பின் பத்தாண்டுகள் கழிவதற்குள் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டம் திறக்கப்பட்டது. அடுத்த தலைமுறைக்குள் மலைக்காடுகள் பல அழிந்து தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைப்பதற்கெனத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்து சேர்ந்தனர். அரசன் வீழ்ந்த மலைகளிலேயே தமிழ் பேசும் தொழிலாளரின் குடியிருப்புகள் எழுந்தன.

இவ்வீதி ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் உடுதும்பறையின் வளைவுகளில் இறங்கி, மகியங்கனை வழியாகப் பதியத்தலாவையை அடைந்து, அங்கே செங்கலடிக்குச் செல்லும் பாதையுடன் இணைகின்றது. செங்கலடிக்கு அருகில் உள்ளது வந்தாறுமூலை. எனவே, இப்பாதையின் ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகமும் மறுமுனையில் மட்டக்களப்பின் கூத்தூர்களும் இருக்க, இடையில் தேயிலைத் தோட்டங்கள் கிடக்கின்றன. ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை நோக்குவோர்க்கு இந்தப் புவியியல் ஒரு வினாவை எழுப்புகின்றது. 1960களில் பேராதனையில் நிகழ்ந்த கூத்து மறுமலர்ச்சி, பாதையின் மறுமுனையிலிருந்த கூத்தைக் கண்டெடுத்தது. பாதையோரத்துக் கூத்து அதன் பார்வையில் எவ்வாறு படாமற் போயிற்று என்பதே அவ்வினா.

பேராதனையின் கூத்து முயற்சிகள் தனித்து எழுந்தவையல்ல. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகம் மேலைநாட்டு மேடையைப் பின்பற்றுவதை விடுத்துத் தன் நாட்டார் மரபிலிருந்தே புதுவடிவம் பெறமுடியும் என்பதை அது நிறுவியது. அதற்கு அடிப்படையாயமைந்த ‘நாடகம’ என்னும் வடிவமோ தமிழ்க் கூத்தின் செல்வாக்கில் வளர்ந்தது. இவ்வுண்மை தமிழ் அறிஞரைச் சிந்திக்க வைத்தது. தமிழ்த் துறையைச் சேர்ந்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் கூத்துகளைத் தேடிச் சென்றார். ஏட்டிலும் நினைவிலும் கிடந்த நாடகங்கள் சிலவற்றைப் பதிப்பித்தார். கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கும் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், ‘இராவணேசன்’ 1964இலும், ‘வாலிவதை’ 1968இலும் அரங்கேறின. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டமும் பாட்டும் பழக்கினார். மாணவராயிருந்த சி. மௌனகுரு ‘இராவணேசன்’ நாடகத்தை எழுதியதோடு அதில் இராவணனாகவும் ஆடினார்.

இம்முயற்சிகளின் தன்மை கவனத்துக்குரியது. ஊரில் விடியவிடிய ஆடப்பட்ட கூத்து சுருக்கப்பட்டது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்கும் வட்டக்களரியில் ஆடியது, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கு ஏற்ப மாற்றப்பட்டது. பாத்திரங்களின் உணர்ச்சி மோதல்களுக்கு முதன்மை தரப்பட்டது. கூத்து படிக்காதோர் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்த கற்றோர் அதனை உயர்கலையாக ஏற்றுக்கொண்டனர். அண்ணாவியார் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆசானாக நின்றமை அக்காலத்தில் சிறிய செய்தியன்று. மாணவர்கள் பட்டம் பெற்று நீங்க, புதியவர்கள் வந்து பழகினர். நாடகத்துக்கெனத் தனிக் கல்லூரி இல்லாத அந்நாளில் பேராதனை தன்னளவில் ஒரு கலைப்பள்ளியாகவே இயங்கியது. அதற்கெனக் கூத்துப் பருவமும் இருந்தது எனலாம்.

அதே காலத்தில், அதே கண்டி மலைச்சாரலில், வேறொரு கலைப்பள்ளியும் ஆண்டுதோறும் திறந்து மூடியது. அதற்குக் கட்டடமில்லை, பாடத்திட்டமில்லை, பெயர்ப்பலகையுமில்லை. லயங்களுக்கு நடுவே இருந்த வெறுந்தரையே அதன் இடம். தோட்ட மக்கள் அதனைக் காமன் பொட்டல் என அழைத்தனர்.

மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றுங்கால் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றப்படும். கரும்பும் ஆமணக்கும் பிற தழைகளும் சேர்த்துக் கட்டப்படும் அக்கம்பமே அரங்கின் மையம். கூத்தில் பங்குகொள்வோர் காப்புக் கட்டி நோன்பு காப்பர். வளர்பிறை நாள்களில் பகலெல்லாம் மலையில் உழைத்தவர்கள் இரவில் பொட்டலில் கூடுவர். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும். வேடமிட்டோர் லயம் லயமாகச் சென்று ஆடுவர். முழுமதியை ஒட்டிய இறுதி இரவில் விடியும்வரை ஆட்டம் நிகழும். சிவனின் தவத்தைக் கலைக்குமாறு மன்மதனுக்கு ஓலை வரும். தீக்கனாக் கண்ட ரதி போகவேண்டாமெனத் தடுப்பாள். அவளை மீறிச் சென்றவன் நெற்றிக்கண்ணுக்கு இரையாவான். தூதன், வீரபத்திரன், காளி முதலான பாத்திரங்கள் தப்பொலிக்கேற்ப ஆவேசத்துடன் ஆடிவருவர். பின்னர் ரதியின் ஒப்பாரி கேட்டு மன்மதன் உயிர்ப்பிக்கப்படுவான். எனினும் அவள் கண்ணுக்கு மட்டுமே அவன் தோன்றுவான்.

இக்கதை மலைநாட்டில் பிறந்ததன்று. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் காமன் பண்டிகை நெடுங்காலமாக வழங்கி வந்தது. மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என இரு கட்சியாக நின்று பாடும் லாவணியும் அங்கே தஞ்சை மராட்டியர் காலச் செல்வாக்கால் வளர்ந்தது. கடல் கடந்து வந்தவர்கள் பண்டத்தோடும் பாத்திரத்தோடும் இவற்றையும் கொண்டுவந்தனர். பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் குவாதலூப் தீவில் கூத்தை ‘நத்ரோன்’ என்னும் பெயரால் ஆடிவந்ததும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தோட்டம் எங்கே இருந்ததோ அங்கே கூத்தும் சென்றது.

தோட்ட வாழ்வின் கட்டுப்பாட்டை எண்ணிப் பார்க்கும்போதே இப்பருவத்தின் பொருள் விளங்கும். தோட்டம் தனியார் நிலம். வெளியார் நுழைவதற்கும் மக்கள் கூடுவதற்கும் நிர்வாகத்தின் இசைவு வேண்டியிருந்தது. விடியலில் பெரட்டுக்கு ஆளழைக்கும் தப்பொலியோடு தொழிலாளியின் நாள் தொடங்கியது. மாசி இரவுகளில் அதே தப்பு வேறொன்றுக்காக ஒலித்தது. ஆணையிட்டவர் தேவர், எரிந்தவனோ ஏவப்பட்ட காமன் என்னும் கதையை, துரைக்கும் கங்காணிக்கும் கீழிருந்த மக்கள் ஆண்டுதோறும் பார்த்தனர். அவர்கள் அதனை எவ்வாறு உணர்ந்தனர் என்று எவரும் எழுதிவைத்திலர். ஆயினும் ரதியின் ஒப்பாரியில் பார்ப்போர் கண்கலங்குவதற்குப் புராண பக்தி ஒன்றே காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

கலைக்கல்வி என்னும் நோக்கிலும் காமன் பொட்டல் தனித்து ஆராயத்தக்கது. வாத்தியார் என்றும் மாஸ்டர் என்றும் அழைக்கப்பட்ட ஆசான், எழுத்தறியாதவர்க்கும் பாடலை வாய்மொழியாகப் பயிற்றினார். ஆட்டம், பாட்டு, தப்படிப்பு என்பன ஒரே பொட்டலில் கற்கப்பட்டன. முடியும் அணிகலனும் கிடைத்த பொருள்களைக் கொண்டு செய்யப்பட்டன; முகத்துக்கு வண்ணம் தீட்டுதலும் ஆடையணிதலும் கைவினையாகப் பயிலப்பட்டன. ஆடற்கலையும் காட்சிக்கலையும் வெவ்வேறு துறைகளாகப் பிரிந்திருப்பது இன்றைய கல்லூரி வழக்கு. பொட்டலில் ஒருவனே வேடம் புனைந்து, அவனே பாடி, அவனே ஆடினான். காமன் கூத்தோடு பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் மலையகத்தில் நிலைபெற்றன என்பதும் இங்குச் சேர்த்து எண்ணத்தக்கது.

எனினும் இப்பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாறாகாது. தப்பின்றிக் காமன் கூத்து இல்லை. ஆனால் தப்படித்தவரைச் சாதியின் பெயரால் விலக்கிவைத்த வழக்கமும் அதே லயங்களில் இருந்தது. பாத்திரங்களை இன்னார் ஆடலாம், இன்னார் ஆடலாகாது என்னும் வரையறைகளும் இருந்தன. கொழுந்து பறித்துத் தோட்டத்தின் வருவாயை ஈட்டியவர் பெண்கள். பொட்டலில் ரதியாக ஆடியவரோ ஆடவர். பெண்கள் பார்வையாளராகவே இருந்தனர். மட்டக்களப்புக் களரியிலும் இதே நிலையே நிலவியது. பேராதனை மேடை மாணவரைச் சாதி கேளாது கூத்துக்குச் சேர்த்தது என்னும் வகையில் அது பொட்டலைக் காட்டிலும் ஒரு படி முன்னே நின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் பேராதனையின் நான்கு கூத்துகளும் மட்டக்களப்பு மரபையே சார்ந்திருந்தமைக்குக் காரணம் யாது? வடமோடி, தென்மோடி என்னும் பகுப்பும், தாளக்கட்டும், ஏட்டுப் பிரதியும் உடைய மட்டக்களப்புக் கூத்து ஆய்வாளர்க்கு ஒழுங்கமைந்த கலையாகத் தோன்றியமை இயல்பே. காமன் கூத்தோ சடங்கோடு பிணைந்தது; கம்பத்தையும் நோன்பையும் நீக்கினால் எஞ்சுவது யாதென்பது எளிதில் விடைகாண முடியாதது. ஆனால் கலைக்குப் புறம்பான காரணமும் ஒன்றுண்டு. மட்டக்களப்புக் கூத்து மண்ணின் மரபு என ஏற்கப்பட்டது. தோட்டத்துக் கூத்தை ஆடியவர்களோ 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். 1949இல் வாக்குரிமையையும் இழந்தனர். ‘இராவணேசன்’ மேடையேறிய அதே 1964இல், சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974இல் மற்றுமோர் உடன்படிக்கை செய்யப்பட்டது. எந்த நாட்டவர் என்று முடிவாகாத மக்களின் கூத்து, எந்த நாட்டுக் கலை எனவும் முடிவாகாமல் நின்றது.

இப்பங்கீடு கூத்தையும் நேரடியாகத் தாக்கியது. குடும்பங்கள் பிரிந்தன, கப்பலேறியவர்களுள் ஆசான்களும் ஆட்டக்காரரும் பாட்டறிந்தோரும் இருந்தனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களையொட்டித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அக்காலத்திலேயே தோட்டங்களைப் பஞ்சமும் வாட்டியது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் பலரை வன்னிக்கும் தமிழகத்துக்கும் துரத்தின. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் இல்லாதிருந்தால் அக்காலத்து வாய்மொழி மரபில் இன்னும் பெரும்பகுதி மறைந்திருக்கும். எஞ்சியோர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. கூத்து மரபு அதற்குள் பல தோட்டங்களில் அறுந்தும் சில தோட்டங்களில் தொடர்ந்தும் வந்திருந்தது.

பாதையின் மறுமுனையில் நிலைமை வேறாக வளர்ந்தது. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1982இல் மட்டக்களப்பில் விபுலாநந்தரின் பெயரால் தொடங்கிய இசை நடனக் கல்லூரி பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக உயர்ந்தது. செல்லையா அண்ணாவியாரின் ஊருக்கே பல்கலைக்கழகம் சென்றது. பேராதனையில் வித்தியானந்தன் தூவிய விதை அங்கே நிறுவனமாக வேரூன்றியது எனக் கொள்ளுதல் தவறாகாது. ஹுன்னஸ்கிரியச் சாரலின் பொட்டல்களைத் தேடி அத்தகைய நிறுவனம் எதுவும் எழவில்லை.

காமன் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொணர்வதே இதற்குத் தீர்வு எனச் சிலர் கருதக்கூடும். 1962இன் வெற்றி அவ்வெண்ணத்தைத் தூண்டுவது இயல்பு. ஆனால் பதினைந்து நாள் ஊர்கூடி எடுக்கும் கலைக்கு ஒன்றரை மணி நேர மேடை ஒரு பகுதியையே தரும். இன்று தொழில் தேடிக் கொழும்புக்குச் சென்றுவிட்ட தோட்டத்து இளைஞனுக்கு அப்பதினைந்து நாள் விடுப்பும் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே முதலில் வேண்டுவது மேடையன்று. எஞ்சியிருக்கும் வாத்தியார்களின் பாடல்களும் தாளங்களும் வேடமுறைகளும் தோட்டந்தோட்டமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். பல்கலைக்கழக மாணவர் மாசி மாதத்தில் பொட்டலில் அமர்ந்து அவற்றைக் கற்க வேண்டும். அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்த பெருந்தன்மை மலையக வாத்தியாரையும் ஒருநாள் ஆசானாக அழைக்க வேண்டும். தோட்டத்துப் பெண்கள் விரும்பின் தாமே ரதியாக ஆடும் காலமும் அப்பொழுது வரலாம்.

கண்டிப் பகுதியின் தமிழ் அரங்க வரலாறு, பேராதனை மேடையில் தொடங்கி அங்கேயே முடிவதாக எழுதப்படின் அது பாதி வரலாறே ஆகும். மாசிப் பிறை தோன்றும்போது சாரலின் ஏதோவொரு தோட்டத்தில் கம்பம் ஊன்றப்படுகின்றது, தப்பு காய்ச்சப்படுகின்றது. பேராதனையிலிருந்து அங்குச் செல்ல ஒரு நாட்பயணம் கூடத் தேவையில்லை.