வாட்டும் அடிநாதமும்: பேஸ் கிட்டார் மேடையில் கேட்கத் தொடங்கிய வரலாறு

1930களிலும் 1940களிலும் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் டபுள் பேஸ் வாசித்தவர்களின் நிலை விசித்திரமானது. குழுவிலேயே மிகப் பெரிய கருவி அவர்களுடையது. குழுவிலேயே மிகக் குறைவாகக் கேட்டதும் அதுவே. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்ஸும் ஒருசேர எழும்போது, ஆளுயரத்தை மிஞ்சிய அந்த மரப்பெட்டியின் ஒலி அரங்கின் பின்வரிசைக்குப் போய்ச் சேர்வது அரிது. நகம் கிழியத் தந்தியை இழுத்தாலும் பயன் சிறிதே.

இதற்குக் கருவியை மட்டும் குறைசொல்ல இயலாது. பேஸின் ஆகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த எல்லையில் மனிதச் செவி மந்தமானது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் இதை அளந்து காட்டின. மெல்லிய ஒலியளவில், 40 ஹெர்ட்ஸ் ஒலி 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு நிகராகக் கேட்க வேண்டுமெனில் பல பத்து டெசிபெல் கூடுதலாக வேண்டும். ஒலியளவு ஏற ஏற இந்த இடைவெளி சுருங்கும். இந்த இரண்டாம் செய்தி பின்னர் மேடைகளில் பல பேஸ் கலைஞர்களை ஏமாற்றவிருந்தது.

பேஸ் கிட்டாரின் வரலாறு பெரும்பாலும் வாட் கணக்கின் வரலாறாகவே சொல்லப்படுகிறது: முதலில் 25 வாட், பிறகு 50, பிறகு 300, பிறகு ஆயிரங்கள். ஆற்றல் பெருகியது, அதனால் பேஸ் கேட்டது என்பது அந்தக் கதையின் சாரம். நிகழ்ந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் போதவில்லை. இசைக்கலைஞர்கள் 'பஞ்ச்' என்று குறிப்பிடும் அந்த நெஞ்சில் அறையும் தெளிவு, தாழ்ந்த அதிர்வுகளைப் பெருக்கியதால் வந்ததைவிட, அவற்றில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்ததால் வந்ததே அதிகம்.

தொடக்க முயற்சிகள் டபுள் பேஸைச் சுற்றியே அமைந்தன. 1930களின் நடுப்பகுதியில் சியாட்டில் நகரில் பால் டட்மார்க், கிட்டாரைப் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கக்கூடிய மின் பேஸ் ஒன்றை ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் விற்றார், அது பரவவில்லை. 1940களின் நடுவில் எவரெட் ஹல், டபுள் பேஸைத் தரையில் தாங்கும் முளைக்குள் மைக் ஒன்றைப் பொருத்தினார். அந்த முளையின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் ஆம்பெக் என்ற நிறுவனப் பெயர் பிறந்தது. ஆனால் உட்குழிந்த மரப்பெட்டியின் ஒலியைப் பெருக்கினால், ஒலிபெருக்கியின் அதிர்வு பெட்டியை மீண்டும் அதிரவைத்து ஊளையாகத் திரும்பும். கருவியின் உடலே தடையாக நின்றது.

1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் உருவாக்கிய பிரெசிஷன் பேஸ் அந்த உடலைக் கைவிட்டது. திண்ம மரம், 34 அங்குலத் தந்தி நீளம், காந்தப் பிக்கப், சுருதியைத் துல்லியமாக்கும் ஃப்ரெட்டுகள்; 'பிரெசிஷன்' என்ற பெயரே அந்தத் துல்லியத்தைக் குறித்தது. லயனல் ஹாம்ப்டனின் குழுவில் மாங்க் மான்ட்கமரி இதை ஏந்தி வாசித்தபோது பெரிய ஜாஸ் மேடைகள் அதை அறிந்தன. 1952-இல் அதற்கெனவே பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயர் வந்தது: ஒரே ஒரு 15 அங்குல ஒலிபெருக்கி, ஏறத்தாழ 26 வாட். பிற்பாடு நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகளுடன் வந்த பேஸ்மேனை கிட்டார் கலைஞர்கள் தமதாக்கிக்கொண்டனர். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் குழுவினர் அதன் மின்சுற்றைத் தழுவியே தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தனர். பேஸுக்காகப் பிறந்த ஆம்ப்ளிஃபயர், பேஸை மூழ்கடிக்கும் ராக் கிட்டாரின் மூதாதையானது.

இந்த இடத்தில் ஒலியியல் பயின்றவர்களுக்குப் பழக்கமான ஓர் உண்மை உதவும். பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளையே கடத்தியது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. அது கம்பியில் பயணிக்கவே இல்லை. ஆயினும் மறுமுனையில் கேட்டவர் குரலின் சுருதியைச் சரியாகவே உணர்ந்தார். எஞ்சிய மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு, இல்லாத அடிப்படையைச் செவியும் மூளையும் சேர்ந்து நிரப்பிக்கொள்கின்றன. பேஸுக்கும் இதுவே பொருந்தும். 41 ஹெர்ட்ஸ் அடிப்படையைக் காட்டிலும் அதன் மேற்சுரங்களான 82, 123, 164 ஹெர்ட்ஸ் முதலியனவும், விரல் தந்தியை விட்டு விலகும் கணத்தின் தெறிப்புமே சுரத்தை இனங்காட்டுகின்றன. அந்தத் தெறிப்பு வல்லின மெய்யின் வெடிப்பைப் போன்றது. பின்தொடரும் ரீங்காரம் உயிரொலியைப் போன்றது. மெய் மழுங்கினால் சொல் விளங்காததுபோல், தெறிப்பு மழுங்கினால் பேஸ் வெறும் இரைச்சலாகிறது.

இதை எந்தக் கோட்பாடும் கல்லாமல் விரலால் அறிந்தவர்கள் இருந்தனர். டெட்ராய்ட்டின் மோடவுன் இசைப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், பிரிட்ஜின் மூடிக்குள் நுரைத்துண்டு வைத்துத் தந்தியின் ரீங்காரத்தைக் குறுக்கினார். ஒவ்வொரு சுரமும் எழுந்து, அறைந்து, அடுத்ததற்கு வழிவிட்டது. அவருடன் சேர்த்துப் பேசப்படும் ஆம்பெக் பி-15 ஆம்ப்ளிஃபயர் 1960-இல் அறிமுகமானது. அதன் ஆற்றல் சுமார் 25 வாட் மட்டுமே. மேற்குக் கரையில் லாரி கிரஹாம், தாயாருடன் வாசித்த குழுவில் டிரம்ஸ் கலைஞர் இல்லாமற்போனபோது அந்தக் குறையை ஈடுகட்டக் கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கத் தொடங்கினார். பின்னர் 'ஸ்லாப்' என்று உலகெங்கும் பரவிய முறை, தெறிப்பையே இசையின் மையமாக்கியது.

ஆயினும் பதிவுக்கூடமும் சிறு கிளப்பும் வேறு, பெருமேடை வேறு. 1965-இல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது, அவர்களின் கருவிகளை ஒலித்தவை மேடையிலிருந்த 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களே. கூட்டத்தின் கூச்சல் அவற்றை விழுங்கிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் இரண்டு வழிகளைக் கண்டார். ஒன்று, 1966-இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து, வட்டக் கம்பி சுற்றிய தந்திகளைச் செம்மைப்படுத்தியது. பியானோவை ஒத்த பளிச்சென்ற ஒலி அவற்றில் கிடைத்தது. மற்றொன்று, தாழ்ந்த அதிர்வுகளையும் உயர்ந்த அதிர்வுகளையும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர்களுக்குப் பிரித்து அனுப்பியது. தாழ்ந்தவை தெளிவாக நிற்க, உயர்ந்தவை கரகரப்புடன் வெட்டிச் சென்றன.

1969-இல் ஆம்பெக் எஸ்.வி.டி. வந்தது. 300 வாட், 14 வெற்றிடக் குழாய்கள், தூக்கியவர் முதுகறியும் ஏறத்தாழ 40 கிலோ எடை. அதன் முன்மாதிரிகளை ரோலிங் ஸ்டோன்ஸ் அவ்வாண்டின் அமெரிக்கப் பயணத்தில் பயன்படுத்தினர். வாட் கணக்கின் வெற்றிச் சின்னமாகவே இது நினைவுகூரப்படுகிறது. ஆனால் செவியின் கணக்கு மடக்கை வழியிலானது: ஆற்றலை இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும்; இருமடங்கு உரப்பாக உணர ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஒலிபெருக்கி மாறாதிருந்தால், 25 வாட்டிலிருந்து 300 வாட்டுக்கு உயர்ந்ததன் பயன் இருமடங்குக்குச் சற்றே அதிகமான உரப்பு மட்டுமே.

எஸ்.வி.டி.யின் எஞ்சிய வலிமை அதன் பெட்டியில் இருந்தது. காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் எட்டு 10 அங்குல ஒலிபெருக்கிகள். ஆரம்பத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு அத்தகைய இரு பெட்டிகள். சிறிய கூம்புகள் பல சேர்ந்து பெரும் பரப்பாக இயங்கின; நடு அதிர்வெண்களை முன்னே தள்ளின. ஆழம் அதன் சிறப்பன்று. 60 ஹெர்ட்ஸை ஒட்டியே அதன் ஒலி சரியத் தொடங்கும். ஆகத் தாழ்ந்த தந்தியின் 41 ஹெர்ட்ஸ் அடிப்படையை அது அரைகுறையாகவே எழுப்பும். ராக் மேடையின் மிகப் புகழ்பெற்ற பேஸ் பெட்டி, பேஸின் அடிநாதத்தை முழுமையாக ஒலிக்காத பெட்டி. இன்னொரு முரணும் உண்டு. எவரெட் ஹல் ஒலிச்சிதைவை வெறுத்தவர். தூய ஒலியே அவரது இலட்சியம். 1967-இல் நிறுவனம் கைமாறிய பின் வந்த எஸ்.வி.டி.யோ, குழாய்கள் எல்லைக்குத் தள்ளப்படும்போது பிறக்கும் உறுமலுக்காகவே விரும்பப்பட்டது. அந்தச் சிதைவு புதிய மேற்சுரங்களைச் சேர்த்தது; அவற்றாலேயே பேஸ் கிட்டார்களின் நடுவிலும் அடையாளம் காணப்பட்டது.

தூய ஒலியை அதன் எல்லை வரை கொண்டுசென்ற முயற்சி 1974-இல் கிரேட்ஃபுல் டெட் குழுவின் 'ஒலிச்சுவர்'. ஃபில் லெஷின் பேஸில் ஒவ்வொரு தந்தியையும் தனி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்ப முடிந்தது. ஒலி வியக்கத்தக்க தெளிவுடன் இருந்ததாக அனைவரும் ஒப்புகின்றனர். ஆனால் ஏறத்தாழ 75 டன் எடையுள்ள அமைப்பை ஊர் ஊராகச் சுமக்கும் செலவு தாங்காமல் அவ்வாண்டு இறுதிக்குள் அது கைவிடப்பட்டது.

அதன்பின் போக்கு மாறியது. அரங்கிற்கான ஒலியைப் பொது ஒலிபெருக்கி அமைப்பு ஏற்றது. பேஸின் சமிக்ஞை நேரடியாகக் கலவைப் பலகைக்குச் சென்றது. மேடை ஆம்ப்ளிஃபயர் வாசிப்பவரின் செவிக்கான துணையாயிற்று. 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியைக் கருவிக்குள்ளேயே வைத்து, தெறிப்பை விரலருகிலேயே கூட்டித் தந்தது.

ஆயினும் ஒரு பழைய பிழை இன்றும் தொடர்கிறது. வீட்டில் மெல்லிய ஒலியளவில் பழகும் கலைஞருக்குத் தாழ்ந்த அதிர்வுகள் குறைவாகக் கேட்கின்றன. அவர் பேஸையும் டிரெபிளையும் உயர்த்தி, நடுவைக் குறைக்கிறார். தனியறையில் அது இனிமையாக ஒலிக்கிறது. அதே அமைப்பை மேடைக்குக் கொண்டுசென்றால், 1933-இன் வளைகோடுகள் சொன்னபடி செவி மாறிவிடுகிறது: உரத்த ஒலியில் தாழ்ந்த அதிர்வுகள் ஊதிப் பெருக்கின்றன, எட்டு மீட்டருக்கும் நீண்ட அலைகள் அரங்கின் சுவர்களிடையே தேங்குகின்றன. குறைக்கப்பட்ட நடுவின் இடத்தை கிட்டார்கள் பிடித்துக்கொள்கின்றன. கலைஞர் ஒலியளவை மேலும் கூட்டுகிறார்; குழுவினரும் கூட்டுகின்றனர். அனுபவமிக்க ஒலிப்பொறியாளர்கள் செய்வது நேரெதிர்: 40 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டி, பேஸ் டிரம்முக்கு இடம்விட்டு, சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியைப் பேணி, கம்ப்ரெசரால் உரத்த சுரங்களை அடக்குகின்றனர். தனியே கேட்டால் அந்த ஒலி சற்றுக் கரடுமுரடாகவே இருக்கும். குழுவோடு கேட்கையில் அது நிற்கும்.

இந்த வேறுபாடு ரசனையோடு முடிந்துவிடுவதில்லை. 1976-இல் லண்டனின் சார்ல்டன் மைதானத்தில் நடந்த தி ஹூ கச்சேரி உலகிலேயே உரத்தது எனக் கின்னஸ் நூலில் ஏறியது. அக்குழுவின் என்ட்விசிலும் பீட் டவுன்ஷென்டும் பிற்காலத்தில் செவித்திறன் இழப்பால் அவதியுற்றனர். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் எஞ்சுவது 15 நிமிடம். கேட்கப்பட வேண்டும் என்ற நியாயமான ஆசையை ஆற்றலால் மட்டும் நிறைவேற்ற முயன்ற தலைமுறை, அதன் விலையைத் தன் செவியால் செலுத்தியது. நுரைத்துண்டும் கட்டைவிரலும் 25 வாட்டும் கொண்டு சாதித்தவர்களின் வரலாறு அந்தத் தலைமுறையின் கண்முன்னேயே இருந்தது.