போர்க்களத்தில் பூத்த களை

நவம்பர் மாதம் வந்தால் பிரிட்டனில் பலருடைய சட்டையில் சிவப்புக் காகிதப் பூ ஒன்றைக் காணலாம். போரில் மாண்ட வீரர்களின் நினைவாக அணியும் பாப்பிப் பூ அது. ஓரிரு நாளில் இதழ் உதிர்ந்துவிடும் ஒரு வயற்பூவுக்கு இப்பெருமை எப்படி வந்தது?

நம் சமையலறைக் கசகசாவுக்கு இது உறவு. ஆனால் அபின் தரும் செடி இதுவன்று. ஐரோப்பிய உழவர்களுக்கு இது வெறும் களை. ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளைச் சிந்தும். மண்ணுள் புதைந்த விதைகள் எளிதில் முளைப்பதில்லை. பல பத்தாண்டுகள்கூட உறங்கிக் கிடக்கும். ஏர் நிலத்தைப் புரட்ட, மேலே வந்து ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும்.

1914-இல் முதல் உலகப் போர் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியை எட்டியது. அங்குள்ள ஈப்ர் நகரைச் சுற்றி நடந்த சண்டையில் இந்தியச் சிப்பாய்களும் மடிந்தனர். ஏரின் வேலையைப் பீரங்கிக் குண்டுகள் செய்தன. பதுங்கு குழிகளுக்காகவும் சவக்குழிகளுக்காகவும் மண் கிளறப்பட்டது. போட்டிக்கு மற்றச் செடிகளும் அதிகமில்லை. அடுத்த ஆண்டு புதுக் கல்லறைகளின்மேல் பாப்பி பூத்தது. இரத்தம் குடித்துச் சிவந்த பூ என்று கதை கட்டுவது எளிது. சிவப்பு அதன் இயல்பான நிறம். போர் செய்தது மண்ணைக் கிளறியது மட்டுமே.

1915 மே மாதம் அங்கே நண்பனைப் பறிகொடுத்த கனடா நாட்டு இராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே, 'பிளாண்டர்ஸ் வயல்களில்' என்ற கவிதையை எழுதினார். போர் முடியுமுன், 1918 ஜனவரியில், நிமோனியாக் காய்ச்சலில் அவரும் இறந்தார். அக்கவிதையைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல், அதே ஆண்டு நவம்பரில் பாப்பி அணியத் தொடங்கினார். துணியில் செய்த பூக்களை விற்று நிதி திரட்டலாம் என்று பிரெஞ்சுப் பெண்மணி அன்னா கெரின் நாடு நாடாகச் சென்று எடுத்துரைத்தார். 1921-இல் பிரிட்டனில் சுமார் 90 லட்சம் பூக்கள் விற்றன.

மறு ஆண்டு இலண்டனில் பூச் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. போரில் உறுப்பிழந்த வீரர்களே அங்குத் தொழிலாளர்கள். ஒரு கையை இழந்தவரும் மற்றக் கையால் இணைக்கும்படி பூவை வடிவமைத்தார்கள். மாண்டவர்களுக்கு மரியாதை; மீண்டவர்களுக்குக் கூலி. வீரப் பேச்சுகளைவிட இந்த ஏற்பாடு எனக்குப் பெரிதாகப்படுகிறது.

ஆனால் எல்லோருக்கும் சிவப்பு போதவில்லை. 1933-இல் பிரிட்டனின் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தார், போரே வேண்டாம் என்பதற்கு அடையாளமாக வெள்ளைப் பாப்பியைக் கொண்டுவந்தனர். அவர்களுள் பலர் போரில் கணவனையோ மகனையோ உடன்பிறந்தானையோ இழந்தவர்கள். இன்றும் சிலர் இரண்டு பூக்களையும் சேர்த்தே அணிகிறார்கள்.